கேள்வியைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்

கரண்ட் போய்விட்டது. தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேலம், வெயில். உள்ளே ஒரு வகுப்புப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் காலேஜ் முதல்வர். கரும்பலகைக்கு முன்னால் நான்.

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். யாரும் பதில் சொல்லவில்லை.

கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. குடித்தேன். மூடியைத் திருகினேன். பதில் வரவில்லை. மூடியைத் திறந்து மறுபடியும் குடித்தேன்.

சிவகாசியில் என்னைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். நான் நாலு பேருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அதன் அருமை அவர்களுக்கும் தெரியாது.

நான் முதல் ஆப்செட் மெஷின் வாங்கிய கதையைப் போன வாரம் இதே இதழில் படித்துவிட்டு, ஒரு வாசகர் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். "அஞ்சாங்கிளாஸ் படிச்ச நீங்க காலேஜ்ல பாடம் நடத்துனீகளாமே, நெசமா அண்ணாச்சி?" என்றார். நெசம்தான். நடத்தினேன் என்பதைவிட, நடத்தக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

கூப்பிட்டது அவர்கள்தான்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்துவிட்டது. விருதுநகர் ரோட்டில் இருந்த அந்தக் காலேஜுக்குக் காலண்டர், சேர்க்கைப் புத்தகம், பரீட்சை நோட்டுக்கு அட்டை எல்லாமே என் பிரஸ்ஸில்தான் அடித்தார்கள்.

ஒரு நாள் புரூஃப் பார்க்க முதல்வரே வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார்.

"அண்ணாச்சி, வணிகவியல் பிள்ளைகளுக்கு அச்சும் விளம்பரமும்னு ஒரு விருப்பப் பாடம் ஆரம்பிக்கிறோம். புத்தகத்தை மட்டும் வச்சு ஓட்டுனா பிள்ளைகளுக்குப் பிடிக்காது. தொழில் தெரிஞ்ச நீங்க வாரம் ஒரு வகுப்பு எடுக்கணும்" என்றார்.

வேறு ஆளாக இருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். நான் மறுநாளே 'கௌரவ விரிவுரையாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துவிட்டேன். நாலு கலர், மேலே லேமினேஷன். சம்பளம் கிடையாது. கார்டுச் செலவும் என்னுடையதுதான்.

அடிக்க மாட்டேனா? தாயில்பட்டியிலிருந்து வந்து, கட்டிங் மெஷினுக்கு அடியில் விழும் காகிதத் துண்டைக் கூட்டி அள்ளுகிற வேலையில் சேர்ந்தவன் நான். இன்றைக்கு வடக்கே எந்த ஊர்ப் பட்டாசுக் கடையில் ஏறினாலும் நான் அடித்த லேபிள் ஏதாவது ஒரு பெட்டியில் இருக்கும். பொய் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

செல்வராணி

அந்தப் பாடத்துக்குப் பொறுப்பு செல்வராணி என்ற இளம் விரிவுரையாளர். நாரணாபுரத்துக்காரர். அவருடைய அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்க்கிறவர். அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் பாடம் நடத்தப் போன முதல் ஆள் செல்வராணிதான்.

வேலை நிரந்தரமில்லை. இந்தப் பாடத்துக்கென்றே தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். பிடிக்காத பிள்ளைகள் மாதக் கடைசிவரை கம்ப்யூட்டர் கணக்குப் பாடத்துக்கு மாறிக்கொள்ளலாம். பாதிக்கு மேல் மாறிவிட்டால் பாடத்தை மூடிவிடுவார்கள். பாடம் போனால் செல்வராணியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டார்.

"கவலப்படாத தாயி. நான் பேச ஆரம்பிச்சேன்னா ஒருத்தன் எந்திரிக்க மாட்டான்" என்றேன்.

சொன்னபடியே ஆயிற்று. மணி அடிக்கும்வரை பேசினேன். ஒருவனும் எழுந்திருக்கவில்லை. கூட்டி அள்ளியதிலிருந்து ஆரம்பித்து, மெஷின் வாங்கியது, மை விலை ஏறியது, ஈரக்காற்றில் காகிதம் இழுத்துக்கொள்வது, ஆர்டர் தருகிற பார்ட்டிகளின் குணம் என்று ஒன்று விடவில்லை. எல்லாவற்றையும்விட ரிஜிஸ்டரைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். "ரிஜிஸ்டர் மயிரிழை தள்ளிச்சுன்னா பார்ட்டி லோடைத் திருப்பி அனுப்பிருவான்" என்று மேசையைத் தட்டினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். முடிவில் கைதட்டினார்கள்.

வராந்தாவில் ஒருவனை நிறுத்தினேன். கருப்பசாமி என்று பேர். லீவு நாளில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன். விரல் நகத்தில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது.

"ஏலே, ரிஜிஸ்டர்னா என்ன? சொல்லு பாப்போம்."

"அட்டெண்டன்ஸ் நோட்டு சார்."

"அது எப்படிலே தள்ளும்?"

"அதுதான் சார் எங்களுக்கும் தெரியல. மேசையில வச்ச எடத்துல இருந்து தள்ளிரக் கூடாது போலன்னு எழுதிக்கிட்டோம். பெரிய கம்பெனி, என்னமாச்சும் காரணம் இருக்கும்லா சார்."

உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு கலரையும் தனித்தனியாக அடிப்போம். நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவதற்குத்தான் எங்கள் தொழிலில் ரிஜிஸ்டர் என்று பெயர். சிவப்பு கொஞ்சம் நகர்ந்தாலும், லேபிளில் மத்தாப்புப் பிடித்து நிற்கிற குழந்தையின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் இது தெரியாத பிள்ளை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் நின்ற மாரீஸ்வரி என்ற பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும் சார். எங்க அண்ணன் பிரஸ்ல இருக்கான்" என்றாள்.

"தெரிஞ்சா இவன்ட்டச் சொல்ல வேண்டியதுதான? வகுப்புலயாவது சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க எங்கன சார் நிறுத்துனீக?"

அடுத்த வாரம் சில பெஞ்சுகள் காலியாக இருந்தன. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "கைதட்டல் ஆபீஸ் வரைக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி. ஆனா ஆள் குறையுதே" என்றார்.

பல்வலிக்காரர்

அந்த வாரம் செல்வராணி எனக்கு ஒரே ஒரு வேலை சொன்னார். பேசிக்கொண்டே போகாமல் இடையிடையே கேள்வி கேட்க வேண்டும். இதென்ன பெரிய வித்தை? கேட்டேன். செல்வராணி ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். வகுப்பு முடிந்ததும் கேன்டீனில் டீ வாங்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்கிட மாட்டீகளே அண்ணாச்சி?"

"கோச்சுக்கிடுவேன். சொல்லு."

"கேள்வி நெறைய கேட்டீக. பதிலை யாரு சொன்னா?"

"பிள்ளைகதான். ஆமா சார், ஆமா சார்னு கேட்டுச்சே."

"மொதல்ல, ரிஜிஸ்டர் ஏன் தள்ளுதுன்னு கேட்டீக. யாரும் பேசல. உடனே, பேப்பரால தள்ளுதா, மெஷினால தள்ளுதான்னு கேட்டீக. அதுக்கும் பேசல. பேப்பர் ஈரமா இருந்தாத் தள்ளும், சரிதானன்னு கேட்டீக. எல்லாரும் ஆமா சார்னாக. அண்ணாச்சி, ஆர்டர் பிடிக்கப் போன எடத்துல பார்ட்டி பேசாம உக்காந்திருந்தா என்ன செய்வீக?"

"ரேட்டைக் குறைப்பேன்."

"அப்பவும் பேசலன்னா?"

"இன்னுங் கொஞ்சம் குறைப்பேன்."

"எம்புட்டு?"

"அவன் வாயத் தொறக்குற வரைக்கும்."

"அதையேதான் வகுப்புலயும் செஞ்சீக."

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். தொழில் ஆரம்பித்த புதிதில் வடக்கிலிருந்து ஒரு பார்ட்டி வந்தார். பெரிய கை. லேபிள் சாம்பிளை எல்லாம் பரப்பி வைத்தேன். பார்த்தார், பேசவில்லை. ரேட்டைக் குறைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். சீவல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி குறைத்தேன். ஜன்னலைப் பார்த்தார். வண்டிக் கூலியும் என்னுடையது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம்வரை நடந்தது. கடைசியில் ஒரு தாளில் ஆர்டரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்று லாட்ஜ்காரன் சொல்லித்தான் தெரிந்தது. ஆரம்பத்திலேயே அவருக்கு ரேட் பிடித்துப்போயிருக்கிறது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.

இதைச் செல்வராணியிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நீங்க ரேட்டைக் குறைச்சாலும் அவரு ஆர்டர் கொடுத்துட்டாரு. இங்கன நீங்க குறைக்கக் குறைக்க, இதுக்கு எதுக்கு இந்த வகுப்புன்னு பிள்ளைக கெளம்பிருதுக. இன்னுங் கொஞ்சம் போச்சுன்னா நான் அம்மா பக்கத்துல உக்காந்து திரி வேலை பாக்க வேண்டியதுதான் அண்ணாச்சி. அம்மா என்ன சொல்லும் தெரியுமா? எம்.பில். வரைக்கும் படிச்சிட்டு வந்து ஏம் பக்கத்துல உக்காந்திருக்கியேன்னு கேக்காது. கேக்காமலே வேலையப் பாக்கும். அதைத்தான் என்னால தாங்க முடியாது."

அவருடைய டீயில் ஆடை படிந்துவிட்டது. எடுத்துக் குடிக்கவில்லை.

"என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

"ஒரே கேள்வி கேளுங்க. கேட்டுட்டுத் தண்ணி குடிங்க. வாயில தண்ணி இருந்தாப் பேச முடியாதுல்ல. அவுகளும் யோசிக்கணும். யோசிக்கதுக்கு நேரமாகும். பேசாம இருக்கவுக எல்லாம் தெரியாதவுக இல்ல."

வீட்டில் ஒத்திகை

எதையும் பழகிப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுகிற ஆள் நானில்லை. வீட்டிலேயே பழகினேன்.

"மத்தியானம் என்ன குழம்பு?" என்று வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டுச் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தேன். வழக்கமாக, கேட்டுவிட்டு நானே புளிக்குழம்பா, பருப்புக்குழம்பா, சரி புளிக்குழம்பே வை என்று முடித்துவிடுவேன். அன்று பேசாமல் அவள் முகத்தையே பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இன்னொரு மடக்குக் குடித்தேன். அவள் உள்ளே போய் மூத்த மகனுக்கு போன் போட்டாள்.

"அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுய்யா. கேள்வி கேக்காரு, அப்புறம் பேச மாட்டேங்காரு. கண்ணு மட்டும் நல்லா முழிக்கி. நீ உடனே வா."

மகன் டாக்டரோடு வந்து இறங்கினான். டாக்டர் பிரஷர் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. என் பிரஷர் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் முதல் அவளும் பழகிவிட்டாள். நான் கேட்டுவிட்டு நிறுத்தினால், யோசித்துப் பதில் சொன்னாள். இத்தனை வருஷமாக அவளுக்குப் புளிக்குழம்பு பிடிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுபடியும் அந்த வகுப்பு

மாதக் கடைசி நெருங்கியது. பாடத்தை வைப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய முதல்வர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றார்கள். அந்த வகுப்பும் என்னுடையதாகவே அமைந்துவிட்டது. செல்வராணி வாசலோரம் நின்றார். காலையில் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

இரண்டு லேபிள் ஷீட்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். ஒன்று ஒழுங்காக அடித்தது. இன்னொன்றில் சிவப்பு நகர்ந்து குழந்தையின் உதடு கன்னத்தில் இருந்தது. இரண்டையும் பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்து அனுப்பினேன்.

"தீபாவளி நெருங்கிருச்சு. வடக்கத்திப் பார்ட்டி லாரிய அனுப்பிட்டான். வாசல்ல நிக்கி. லேபிளு இந்த லெச்சணத்துல அடிச்சு வந்திருக்கு. மறுபடி அடிக்க நேரமில்ல. இதை ஒட்டி அனுப்பலாமா, கூடாதா?"

கேட்டேன். தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் கரண்ட் போனது.

அந்த வருஷங்களில் மின்வெட்டு சொல்லிவிட்டும் வரும், சொல்லாமலும் வரும். விசிறிச் சத்தம் நின்றதும் எங்கோ தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. முதுகில் வேர்வை இறங்கியது. 'உதடு கன்னத்துல இருந்தா நல்லாவா இருக்கும்?' என்று என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அது கேள்வியே இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். இன்னொரு மடக்குக் குடித்தேன்.

முதல்வர் மணியைப் பார்த்தார். பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். செல்வராணி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பேசிவிடாதீர்கள் என்று அர்த்தம். வேலை போகப்போவது அவருக்கு. அவரே நிற்கிறபோது எனக்கென்ன என்று நின்றேன். பாட்டில் காலியாகிவிட்டது. காலி பாட்டிலையே வாயில் வைத்துக்கொண்டேன்.

"அனுப்பலாம் சார்."

மாரீஸ்வரிதான்.

தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். "ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"பட்டாசு வாங்குத பிள்ள உதட்டையா சார் பாக்கும்? வெடிக்குமான்னுதான் பாக்கும்."

"பிள்ள பாக்காது, கடைக்காரன் பாப்பான்லா" என்று கருப்பசாமி எழுந்துவிட்டான். "டூப்ளிகேட் சரக்குன்னு ஓரமாத் தள்ளி வச்சிருவான். அடுத்த வருஷம் ஆர்டரு வராது சார்."

"ஏலே, தீபாவளி முடிஞ்ச பெறகு அழகா லேபிள் ஒட்டி அனுப்புனா, அதை வச்சு அவன் என்ன கண்காட்சியா நடத்துவான்?" என்றாள் மாரீஸ்வரி.

"பார்ட்டிக்கு ஒரு போனப் போட்டு உள்ளதச் சொல்லிட்டு, ரேட்டுல கொஞ்சம் விட்டுக் கொடுத்துட்டு அனுப்பலாம்ல?" என்றான் நடு பெஞ்சில் ஒருவன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எந்தப் பக்கமும் சேராமல் ஒரு பெண் பிள்ளை மெதுவாகச் சொன்னாள். "எங்க அம்மா லேபிள்தான் ஒட்டுது. சரக்கு திரும்பி வந்துச்சுன்னா பழச உரிச்சுட்டுப் புதுசு ஒட்டச் சொல்லுவாக. உரிக்கதுக்குக் கூலி கெடையாது. அதையும் சேத்துத்தான முடிவு பண்ணணும்?"

தொழிலில் இத்தனை வருஷத்தில் எந்தப் பார்ட்டியும் என்னிடம் இதைப் பேசியதில்லை. நானும் யாரிடமும் பேசியதில்லை. அந்தப் பிள்ளை சொன்னதைக் கரும்பலகையில் எழுதினேன். அன்று நான் செய்த வேலை அது ஒன்றுதான். எழுத்துப் பிழை இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

கரண்ட் எப்போது வந்தது என்று தெரியாது. மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. எழுந்தவர்களும் வராந்தாவில் நின்று சண்டை போட்டார்கள்.

முதல்வர் செல்வராணியிடம் குனிந்து, "அவர் ஒண்ணுமே நடத்தலையேம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

முதல்வர் அறை

மாதம் முடிந்தது. அதற்கப்புறம் ஒருவரும் மாறவில்லை. கம்ப்யூட்டர் கணக்குக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள்.

முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செல்வராணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பாடம் நிலைச்சிருச்சு அண்ணாச்சி. சந்தோஷம். ஆனா ஒரு பாடத்துக்கு ரெண்டு பேர் எதுக்குன்னு நிர்வாகம் கேக்குது. நீங்க சம்பளம் வாங்கறதில்ல, பேரும் இருக்கு. நீங்களே முழுசா எடுத்துக்கிறீங்கன்னா அந்தம்மாவை நிறுத்திரலாம்ங்கிறாங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு நீங்க தண்ணி குடிச்சீங்க, பேசாம நின்னீங்க. அதுக்கு நீங்க சீசன் நேரத்துல இவ்வளவு தூரம் அலையணுமா? உள்ளதைச் சொல்லுங்க. அந்தம்மா ஒருத்தர் போதுமா?"

எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போயிருந்தது. சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு பிரஸ்ஸுக்கு வந்து, வேண்டுமென்றே கழுவாமல் பார்ட்டிகளிடம் பேசுவேன். அன்று தண்ணீர் குடித்ததற்குள் என்ன இருந்தது என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கியிருக்கலாம். விளக்கினால் மனம் மாறிவிடுவார். மறுத்துப் பேசுகிற எத்தனையோ பார்ட்டிகளை மாற்றிய வாய் இது. ஆனால் நான் ஜெயித்தால் வெளியே பெஞ்சில் இருக்கிறவர் நாரணாபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

"போதும்" என்றேன்.

எழுந்து வெளியே வந்தேன். அடுத்து செல்வராணியைக் கூப்பிட்டார்கள். போனவர் கையில் வேலை நியமன ஆர்டரோடு வந்தார். நின்று இரண்டு மூச்சு விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சார் உங்ககிட்ட என்ன கேட்டாரு அண்ணாச்சி?"

"நீ ஒருத்தி போதுமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"போதும்னேன்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான். எந்திரிச்சு வந்துட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "போங்க அண்ணாச்சி. நீங்களாவது, ஒத்த வார்த்தையில நிப்பாட்டுறதாவது."

செல்வராணி இப்போது அந்தத் துறைக்கே தலைவர். நேரில் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு முதல்வரிடம் எனக்காக எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்பார். ஒரு வார்த்தைதான் என்றால் இன்றுவரை நம்புவதில்லை. இந்த இதழ் அவர் வீட்டுக்கும் வருகிறது என்பதால் அச்சிலேயே போட்டுவிடுகிறேன்: ஒரு வார்த்தைதான்.